காற்றைப் பார்த்து மனை பிடியுங்கள்: ஒரிகன் கடற்கரையில் கூடாரத்துக்கும் ஆர்.வி.க்கும் முகாம் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்கு 363 மைல் நீளமான பசிபிக் கடற்கரை உண்டு. அதன் நெடுகிலும் ஓடும் 101ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி மாநிலப் பூங்காத் துறையின் முகாம்களும், கூட்டரசு வனத்துறையின் முகாம்களும், ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வீட்டு வண்டிகளுக்கான தனியார் பூங்காக்களும் வரிசையாக அமைந்துள்ளன. போர்ட்லண்ட், சியாட்டில் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறை வந்ததும் முதலில் எண்ணிப் பார்ப்பது இந்தக் கரையைத்தான். ஆனால் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, 'இடத்திலிருந்து கடல் தெரியுமா?' என்பதாகவே இருக்கிறது. அக்கேள்வியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குச் சட்டமே ஒரு காரணம் தருகிறது. 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில் ஒரிகனின் ஈர மணற்பரப்பு பொதுவழியாக அறிவிக்கப்பட்டது. 1967இல் நிறைவேறிய கடற்கரைச் சட்டம், செடிகொடிகள் தொடங்கும் எல்லை வரையிலான காய்ந்த மணலிலும் பொதுமக்களின் உரிமையை உறுதிசெய்தது. ஆகையால் எந்த முகாமில் தங்கினாலும் கடற்கரை உங்களுக்கு உண்டு. பத்து நிமிட நடையில் கிடைக்கும் கடலுக்காக இரவெல்லாம் காற்றில் அடிபட வேண்டியதில்லை. நான் முதல்முறை சென்றபோது, கடல் தெரிகிறது என்ற ஒரே மகிழ்ச்சியில் திறந்த மேட்டில் கூடாரம் அடித்து, நள்ளிரவில் வளைகம்பி முறிந்து, மிச்ச இரவைக் காரின் முன் இருக்கையில் கழித்தேன். அதற்குப் பின்னரே வரைபடத்தை வேறு கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இக்கட்டுரையில் முழுப் பூங்காவையும் முகாம் என்றும், அதற்குள் எண்ணிட்டு ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்படும் தனி இடத்தை மனை என்றும் குறிப்பிடுகிறேன்.

காற்று எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டுக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடற்காற்று என்றால் இதம். சித்திரை வெயிலில் பிற்பகல் கடற்காற்று எழுந்தால் சென்னை நகரமே மூச்சு விடும். ஒரிகனில் அதே காற்றுதான் சோதனை. கோடையில் வடபசிபிக் கடல் மீது உயரழுத்தம் நிலைகொள்ள, உள்நாட்டு நிலம் வெயிலில் காய்ந்து அங்கே தாழ்வழுத்தம் உண்டாக, இரண்டுக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் வடமேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. அக்காற்று கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுவதால், ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து, ஆடி மாதத்திலும் கால் நனைத்தால் எலும்பு வரை குளிர்கிறது. உள்நாட்டில் வெப்பம் ஏற ஏறக் கரையில் காற்றின் வேகமும் ஏறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்லண்டில் 35 டிகிரி வெயில் தாங்காமல் கடற்கரைக்கு ஓடும் நாளில்தான் கரையில் 16 டிகிரி குளிரும் மணலை வாரி இறைக்கும் காற்றும் காத்திருக்கக் கூடும். காலையில் அடங்கியிருக்கும் காற்று நண்பகலுக்குப் பின் வலுத்து, மாலையில் உச்சத்தை அடைந்து, பொழுது சாய்ந்த பிறகு மெல்லத் தணிவது வழக்கம்.

எனவே கோடைப் பயணத்துக்கு வரைபடத்தில் முதலில் காண வேண்டியது, முகாமுக்கு வடமேற்கே என்ன இருக்கிறது என்பதாகும். பாறை முனை இருந்தால் நன்று. மரங்கள் அடர்ந்த மணல்மேடு இருந்தாலும் நன்று. வெறும் புல்வெளியும் அதற்கப்பால் கடலும் என்றால் வேறு முகாமைப் பாருங்கள். கூஸ் பே நகருக்கு அருகிலுள்ள சன்செட் பே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செங்குத்தான பாறைகள் இருபுறமும் அணைத்த சிறு விரிகுடாவாக அது அமைந்திருப்பதால், வெளிக்கடல் கொந்தளிக்கும் நாளிலும் உள்ளே அலை அடங்கியிருக்கும். பாண்டன் ஊருக்கு வடக்கேயுள்ள புல்லர்ட்ஸ் பீச் முகாம் கடலிலிருந்து ஒரு மைலுக்கும் மேல் உள்ளடங்கி, ஷோர் பைன் மரங்களின் மறைவில் இருக்கிறது. கடலுக்கு நடப்பது சற்றுத் தொலைவுதான். ஆனால் இரவு அடுப்புச் சுடர் அணையாமல் எரியும். தமிழ்நாட்டுக் கரையில் மணலையும் காற்றையும் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்ப்பதை அறிந்தவர்களுக்கு இம்மரங்களின் வேலை எளிதில் புரியும்.

மேற்கே கடலுக்குள் மிகத் துருத்தி நிற்கும் கேப் பிளாங்கோ, காற்றுக்குப் பெயர்போன முனை. 1870 முதல் அங்கே கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. ஆயினும் அங்குள்ள முகாமின் பல மனைகள் அடர்ந்த புதர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே அமைந்திருப்பதால், கலங்கரை விளக்கத்தின் அடியில் நிமிர்ந்து நிற்க முடியாத நாளிலும் மனைக்குள் தேநீர் அருந்தலாம். முகாமின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரே முகாமுக்குள் ஒரு மனைக்கும் அடுத்த மனைக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, மனையின் வடமேற்குப் புறத்தில் கரும்பச்சை அடர்த்தி இருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து எடுத்த படங்களில் மரங்கள் அனைத்தும் ஒரே பக்கமாகத் தலைசாய்த்து, கடல் பக்கக் கிளைகள் கருகியிருந்தால், அங்கே காற்று ஆண்டு முழுவதும் எழுதிய கணக்கு அது.

குளிர்காலத்தில் இக்கணக்கு தலைகீழாகும். கார்த்திகை முதல் பங்குனி வரை கரையைத் தாக்கும் புயல்களின் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. கோடையில் மறைவாக இருந்த மனை அப்போது திறந்த வாசலாகிவிடலாம். அக்காலத்தில் கூடாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழை அதிகம், பகற்பொழுதும் குறைவு. புயலலை காண விரும்புவோர் ஆர்.வி.யிலோ, பல மாநில முகாம்களில் வாடகைக்குக் கிடைக்கும் யர்ட் எனும் வட்டக் குடில்களிலோ தங்குவது நலம். அவற்றில் கட்டிலும் மின்சூடேற்றியும் உண்டு. சமையல் மட்டும் வெளியே.

மறைவுக்கும் விலை உண்டு. கேப் பெர்பெட்டுவாவிலுள்ள வனத்துறை முகாம், ஓடைக்கரையோரம் குறுகலான பள்ளத்தாக்கில், வானளாவிய சிட்கா ஸ்புரூஸ் மரங்களின் கீழ் அமைந்திருக்கிறது. காற்று அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் வெயிலும் அப்படித்தான். ஈரத் துணி உலராது, கைப்பேசி அலைவரிசையை நம்ப முடியாது, சூரியத் தகட்டை நம்பி வரும் ஆர்.வி.க்கு மின்கலம் நிரம்பாது. மூடுபனி நாளில் மரக்கிளைகளே பனியை வடித்துச் சொட்டுச் சொட்டாக மழை பெய்யும். காற்றா ஈரமா என்ற தேர்வில் கூடாரத்தார் ஈரத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஈரத்தைத் தார்ப்பாயால் சமாளிக்கலாம்.

கூடாரத்தார் கவனிக்க வேண்டியவை

மனையின் தரை மணலா, சரளையா, மண்ணா என்பதை முன்பதிவுப் பக்கத்தின் விவரங்களிலும் படங்களிலும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மணலில் நில்லா. அகலமும் நீளமும் உடைய மணல் முளைகள் வேண்டும். அவை இல்லையென்றால் துணிப்பையில் மணலை நிரப்பி, இழுகயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடலாம். இம்முறை எந்த முளையையும்விட உறுதியாக நிற்பதை நான் கண்டிருக்கிறேன். மேல்விரிப்பு தரை வரை இறங்கும் கூடாரமே கடற்கரைக்கு ஏற்றது. மேலே மட்டும் தொப்பி போல் மூடும் வகை, மணலையும் சாரலையும் பக்கவலை வழியாக உள்ளே விடும்.

கோடை இரவிலும் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கும் என்பதால், தூங்குபையை அதற்கும் கீழான குளிருக்கு ஏற்றதாக வாங்குங்கள். இரவு புளிக்கவைத்துக் காலையில் இட்லி ஊற்றலாம் என்று மாவுப் பாத்திரத்தோடு செல்பவர்களுக்கு ஒரு சொல்: அக்குளிரில் மாவு பொங்காது. வீட்டிலேயே புளிக்கவைத்துக் குளிர்பெட்டியில் கொண்டு செல்லுங்கள். அப்பெட்டியை இரவில் காருக்குள் பூட்டிவிடுங்கள். ரக்கூன்கள் மூடியைத் திறக்கத் தெரிந்தவை.

தனித்த கூடார மனைகள் எல்லா முகாமிலும் இருப்பதில்லை. கொலம்பியா ஆற்று முகத்துக்கு அருகிலுள்ள ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மிகப் பெரிய முகாம். 1906இல் தரைதட்டிய பீட்டர் ஐரடேல் கப்பலின் எலும்புக்கூடு இன்னும் அதன் மணலில் கிடக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான மனைகள் இருந்தும் பெரும்பாலானவை மின்னிணைப்பு உடையவை. மாநில முகாம்களில் மின்மனையில் கூடாரம் அடிக்கத் தடையில்லை. கட்டணம் மட்டும் கூடும். ஆனால் அங்கே உங்கள் இருபுறமும் பெரிய ஆர்.வி.க்கள் நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்டே பதிவுசெய்ய வேண்டும். அமைதி விரும்பும் கூடாரத்தார், மின்னிணைப்பே இல்லாத வனத்துறை முகாம்களை நாடுவது மேல். எங்கு சென்றாலும் மனைக்கும் 101ஆம் நெடுஞ்சாலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கடலுக்கும் சாலைக்கும் நடுவே ஒடுங்கிய முகாம்களில் இரவு லாரிகளின் ஓசை அலையோசையை விழுங்கிவிடும்.

ஆர்.வி. கொண்டு செல்வோர்

முதலில் நீளம். முன்பதிவுப் பக்கத்தில் மனைக்குக் குறிப்பிடப்படும் நீளத்தில் ஆர்.வி.யும், இழுத்துச் செல்லும் வண்டியும், பின்னால் மாட்டிய மிதிவண்டித் தாங்கியும் அடங்க வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பாமல், வண்டியை ஒப்புக்கொள்ளும்போது நாடாவால் அளந்துகொள்வது நல்லது. பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தும் மனை, முன்னோக்கியே நுழைந்து வெளியேறும் மனை என இருவகை உண்டு. புதியவர்கள் இரண்டாம் வகையைத் தேடிப் பதிவுசெய்தால், முதல் மாலையே கணவனும் மனைவியும் வண்டியின் முன்னும் பின்னும் நின்று சத்தமிட்டுக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

அடுத்தது மின்சாரம். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்கும். சிறு மின்சூடேற்றி 1,500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட் என்றால் அவ்விரண்டிலேயே 3,300 ஆகிவிடுகிறது. மூன்றாவதாக வெந்நீர்க் கெண்டியைப் போட்டதும் சுவிட்ச் விழுந்து வண்டி இருளும். 50 ஆம்பியர் இணைப்பு இரண்டு கம்பிகளில் 12,000 வாட் வரை தருவதால் இக்கவலை இல்லை. ஆனால் கடற்கரையில் குளிரூட்டிக்குத் தேவையே ஏற்படாது என்பதால், 30 ஆம்பியர் மனையே பெரும்பாலோருக்குப் போதும். வீண் செலவு செய்ய வேண்டாம்.

நீர், மின்சாரம், கழிவுக்குழாய் என மூன்றும் உள்ள மனைக்குப் போட்டி அதிகம். இரண்டு மூன்று இரவுகளே தங்குவதாக இருந்தால் கழிவுக்குழாய் அவ்வளவு முக்கியமன்று. தொட்டி தாங்கும், திரும்பும் வழியில் டம்ப் ஸ்டேஷன் எனும் கழிவு கொட்டும் இடத்தில் காலி செய்துவிடலாம். ஒரு வாரம் தங்குவோருக்கும், தோய்த்துக் குளித்துப் பாத்திரம் விளக்கும் பெரிய குடும்பத்துக்கும் அது தேவைப்படும். தனியார் பூங்காக்களில் மூன்று இணைப்பும் சலவை இயந்திரமும் கிடைப்பது எளிது. ஆனால் அங்கே வண்டிகள் பேருந்து நிலையம் போல் நெருங்கி நிற்கலாம், சில பூங்காக்கள் கூடாரத்தையே ஏற்பதில்லை. இரண்டும் கலந்த குழுவாகச் செல்பவர்கள் பதிவுக்கு முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தகைய குழுவுக்கு மாநில முகாம்களில் அடுத்தடுத்த இரு மின்மனைகளே பொருத்தம்.

ஆர்.வி.யின் பக்கவாட்டில் வெளியே தள்ளி விரிக்கும் அறையின் மேற்கூரைத் துணி காற்றில் படபடக்கும். வெயில் மறைக்கும் சுருள்பந்தலை விரித்தபடி விட்டுவிட்டு நடைபோகாதீர்கள். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியையும் சேர்த்து நன்னீரால் கழுவுங்கள். உப்பு, இரும்பை உண்ணும் வேகம் நமக்குத் தெரிந்ததே.

உயரமான நிலம் எவ்வளவு தொலைவு?

2004 டிசம்பர் 26 நம் நினைவில் இருக்கிறது. ஒரிகன் கரைக்கு அப்பால் கஸ்கேடியா எனும் புவித்தட்டுச் சரிவு உள்ளது. 1700 ஜனவரி 26 அன்று அங்கே ஏற்பட்ட நிலநடுக்கம் ஏறத்தாழ 9 அளவுடையது என்று அறிவியலாளர் கணித்துள்ளனர். அப்போது எழுந்த அலை ஜப்பான் வரை சென்று, அந்நாட்டு ஏடுகளில் பதிவானது. அத்தகைய நடுக்கம் மறுபடி நிகழ்ந்தால் முதல் அலை கரையை எட்ட இருபது நிமிடம்கூட இல்லாமற் போகலாம். ஆகவே முகாமைத் தேர்ந்தெடுக்கும்போதே, மாநிலத்தின் சுனாமி வெளியேற்ற வரைபடத்தில் அம்முகாம் அலை புகும் பகுதிக்குள் இருக்கிறதா, அருகிலுள்ள உயரமான நிலத்துக்கு நடந்து செல்ல எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள். ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மணல்திட்டில் அமைந்த நெஹேலம் பே போன்றவை தாழ்ந்த நிலத்தில் உள்ளவை. கேப் பிளாங்கோ மேட்டின் மேல் இருப்பது. நடக்க இயலாத முதியவர்களோடு செல்பவர்கள் மேட்டு முகாமைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. தாழ்ந்த முகாமில் தங்கினால், முதல் நாள் மாலை குடும்பத்தோடு வெளியேறும் வழியில் ஒருமுறை நடந்துவிடுங்கள். நிலம் பலமாகவும் நெடுநேரமும் அதிர்ந்தால் சங்கொலிக்காகக் காத்திராமல், ஆர்.வி.யைக் கிளப்ப முயலாமல், கால்நடையாகவே ஏற வேண்டும்.

எந்த நாளிலும் உயிர்ப்பலி வாங்கக்கூடிய அபாயம் வேறொன்று. எச்சரிக்கையின்றி வழக்கத்தைவிடப் பல மடங்கு மேலேறி வரும் அலையை உள்ளூரார் ஸ்னீக்கர் வேவ் என்பர். கரையொதுங்கிய பெருமரங்களைச் சில அங்குல நீரே உருட்டிவிடும். மரத்தின் மேல் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். சிறுவர்கள் நீந்த ஆசைப்பட்டால், ஃப்ளோரன்ஸ் ஊரின் தெற்கே உள்ள ஹனிமன் முகாம் நல்ல தேர்வு. பெரிய மணற்குன்றுகளுக்கு இப்பால் கிளியோவாக்ஸ், வோவாஹிங்க் என இரண்டு நன்னீர் ஏரிகள் அங்கே உள்ளன. கடல் தெரியாது, ஆனால் அங்கிருந்து குழந்தைகள் வீடு திரும்ப மறுப்பார்கள். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் முடிய அம்முகாமில் மனைகள் அமைந்த வட்டச் சாலைகளுள் ஒன்றிலிருந்து, மணற்குன்றுகளில் ஓட்டும் வண்டிகள் நேரே குன்றுகளுக்குச் செல்ல அனுமதி உண்டு. அமைதி வேண்டுவோர் அவ்வட்டத்தைத் தவிர்க்கலாம். நாய் கொண்டு செல்வோர், மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை ஸ்னோயி ப்ளோவர் பறவை மணலில் முட்டையிடும் கரைகளில் நாய்க்கும் பட்டத்துக்கும் தடை இருப்பதை அறிந்து முகாமைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிவும் வருகையும்

மாநில முகாம்களில் ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு திறக்கிறது. ஆடி, ஆவணி மாத வார இறுதி மனைகள் திறந்த அன்றே தீர்ந்துவிடும் என்பதால், விரும்பும் மனை எண்கள் நான்கைந்தை முன்னரே குறித்து வைத்துக்கொண்டு அந்தக் காலையில் அமருங்கள். தவறவிட்டால் சோர வேண்டாம். திட்டம் மாறியவர்கள் கைவிடும் மனைகள் பயணத்துக்கு முந்தைய இரு வாரங்களில் அவ்வப்போது தோன்றும். ஞாயிறு முதல் வியாழன் வரை செல்ல முடிந்தவர்களுக்குப் பாதித் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால் செப்டம்பரே சிறந்தது: பள்ளி திறந்து கூட்டம் குறைந்திருக்கும், வடமேற்குக் காற்று தளர்ந்திருக்கும், மூடுபனியும் குறைவு. கலிஃபோர்னியா எல்லையை ஒட்டிய புரூக்கிங்ஸ் ஊரின் ஹாரிஸ் பீச் முகாம் மற்றக் கரையைவிட வெதுவெதுப்பானது. செட்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் கீழைக்காற்று சூடேறி வருவதே காரணம். வெளிமாநிலத்திலிருந்து வருவோர் மாநில முகாம்களில் 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாமல் முகாமிலேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத வண்டு 2022இல் ஒரிகனுக்குள் கண்டறியப்பட்டது, விறகோடு அது ஊர் மாறுகிறது.

மனை உங்கள் கைக்கு வருவது மாலை 4 மணிக்கு, அதாவது காற்று உச்சத்தில் இருக்கும் வேளையில். காரையோ ஆர்.வி.யையோ மனையின் அமைப்பு இடம் தரும் அளவுக்கு வடமேற்குப் புறமாக நிறுத்தி, அதன் மறைவில் கூடாரத்தின் குறுகிய, தாழ்ந்த பக்கத்தைக் காற்றுக்கு எதிரே வையுங்கள். வாசல் தென்கிழக்கே இருக்கட்டும். முதலில் காற்றுப் பக்க முளைகளை அடித்துவிட்டு, அதன் பிறகே வளைகம்பிகளை உயர்த்துங்கள். ஒருவர் துணியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டுப்போன கிளைகள் மேலே தொங்குகின்றனவா என்று அண்ணாந்து பார்த்துக்கொள்வதும் அந்நேரத்து வேலைதான். காற்று அறவே அடங்கவில்லையென்றால் இரவு உணவை முதலில் முடித்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் கூடாரத்தை எழுப்பலாம். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.